கார் சர்வீசுக்கு 11,600 எஸ்டிமேட், பேசாம நாமளே பண்ணிக்கலாமா? (காரைக்குடி பக்கம்)

கோட்டையூரான்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நம்மட்ட இருக்குறது 2018 பெட்ரோல் ஹேட்ச்பேக், 52,000 கிலோமீட்டர் ஓடிருக்கு, வாரண்டி எல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. ஓட்டமும் கம்மிதான், கோட்டையூர்ல இருந்து காரைக்குடிக்கு வேலைக்குப் போயிட்டு வர்றது, எப்பவாச்சும் பிள்ளையார்பட்டி குன்னக்குடி, ரொம்ப அபூர்வமா மதுரையோ திருச்சியோ. இந்த வருஷ சர்வீசுக்கு கம்பெனி சென்டர்ல வண்டிய விட்டேன், ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வாட்ஸப்ல எஸ்டிமேட் வருது, கூடவே "அப்ரூவ் பண்ணிருங்க சார்"னு போன் மேல போன். பாத்துட்டு மயக்கமே வந்துருச்சு, யோசிச்சு சொல்றேன்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். ஜிஎஸ்டி எல்லாம் சேத்து அவன் போட்டது இது:

எஞ்சின் ஆயில் 1,890
ஆயில் பில்டர், வாஷர் 130
ஏர் பில்டர் 340
ஏசி பில்டர் 420
ஸ்பார்க் பிளக் நாலு 760
பிரேக் ஆயில் 280
சர்வீஸ் லேபர் 2,100
பிரேக் கிளீனிங் 650
த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் கிளீனிங் 1,450
எஞ்சின் பிளஷ் 690
ஏசி கிருமி நீக்கம் 790
அலைன்மென்ட் பேலன்சிங் 1,150
இன்டீரியர், பாலிஷ் 950

ஆகமொத்தம் 11,600. வண்டில ஒரு கம்ப்ளெயின்ட்டும் கிடையாது, ஓட்டுனா கல்லு மாதிரி போகுது. யூட்யூப்ல பாத்தா சின்னப் பையன்லாம் வீட்டு வாசல்ல ஆயில் மாத்துறான். எனக்கு ஸ்டெப்னி மாத்த, பல்பு மாத்தத் தெரியும், அதுக்கு மேல ஸ்பேனர் புடிச்சதில்ல. பின்கட்டுல கல்லு பாவுன தரை இருக்கு, மட்டமா இருக்கும், எடத்துக்குப் பஞ்சமில்ல. இதுல எது உண்மையிலயே வேணும், எது நானே பண்ணலாம், எதத் தொடவே கூடாதுன்னு வெவரம் தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமா போகும்.

செக்காலை ஸ்பேனர்

அண்ணே, நான் சின்னதா பட்டறை வச்சிருக்குற ஆளு, அதனால நம்ம தொழிலுக்கு ஆள் புடிக்கிறான்னு நெனச்சீங்கன்னாலும் தப்பில்ல, ஆனா சொல்றத கேட்டுக்கங்க.

மொதல்ல வண்டி டேஷ்போர்டுல கெடக்குற ஓனர் மேனுவல எடுங்க. பாதிப்பேரு பிளாஸ்டிக் கவரே பிரிக்காம வச்சிருப்பீங்க. அதுல பின்பக்கம் மெயின்டனன்ஸ் கட்டம் ஒண்ணு இருக்கும், எத்தனாவது கிலோமீட்டர்ல எத மாத்தணும், எத வெறுமன பாத்தா போதும்னு. கம்பெனிக்காரனே எழுதுனது அது, சர்வீஸ் சென்டர்ல உக்காந்திருக்குற அட்வைசர் எழுதுனது இல்ல, அந்தத் தம்பிக்கு மாசா மாசம் டார்கெட் இருக்கும், அவனச் சொல்லி என்ன பண்ண. அந்தக் கட்டத்த வச்சுக்கிட்டு உங்க எஸ்டிமேட்ட ஒவ்வொண்ணா டிக் அடிங்க. எஞ்சின் பிளஷ், அதாவது எஞ்சினுக்குள்ள மருந்து ஊத்திக் கழுவுறது, எந்தக் கட்டத்துலயும் இருக்காது. ஏசி கிருமி நீக்கம் இருக்காது. பாலிஷ் சத்தியமா இருக்காது.

த்ராட்டில் பாடி, அதாவது எஞ்சினுக்கு காத்து போற வாய், அதக் கிளீன் பண்றது தேவைப்படுற வேலைதான், ஆனா வருஷா வருஷம் இல்ல. சிக்னல்ல நிக்கிறப்ப ஐடிலிங் ஏறி எறங்குனா, ஸ்டார்ட் பண்ணி விட்டதும் ஆஃப் ஆனா, அப்பப் பண்ணுங்க. கல்லு மாதிரி போற வண்டிக்கு எதுக்கு.

பிளக்குக்கு உங்க பழைய பில்லு எல்லாம் எடுத்துப் பாருங்க. சாதா நிக்கல் பிளக்குன்னா நெறைய வண்டிக்கு 40,000 பக்கத்துல மாத்தச் சொல்லிருப்பான், இரிடியம்னா 1,00,000 வரைக்கும் கூட போகும். உங்க வண்டி 52,000ல நிக்கிது. 40,000ல மாத்திருந்தா இப்ப எதுக்குத் திரும்ப மாத்துறீங்க? மாத்தலைன்னா இப்ப மாத்துங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த ஒரு கேள்விய யாரும் கேக்குறதே இல்ல.

அலைன்மென்டும் அப்படித்தான். நூறடி ரோட்டுல நேரா விட்டு ஸ்டியரிங்க லேசா புடிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் இழுத்தா பண்ணணும், டயர் ஓரம் தேஞ்சா பண்ணணும், புது டயர் போட்டா பண்ணணும். இல்லாட்டி விடுங்க.

பிரேக் ஆயில் மட்டும் தள்ளிப்போடாதீங்க. அது காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சுக்கும், ஈரம் ஏறுனா கொதிநிலை எறங்கும், கொடைக்கானல் எறக்கத்துல தொடர்ந்து மிதிச்சுக்கிட்டே வர்றப்ப பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லிருப்பான். அத நீங்களா பண்ணாதீங்க, உள்ள காத்துப் புடிச்சா எடுக்க ரெண்டு ஆளு வேணும், பெயின்ட்ல சிந்துனா பெயின்ட்ட தின்னுரும்.

டயம் இல்லாதவன்

ஞாயித்துக்கெழம ஒருநாள்தான் லீவு, அன்னிக்கும் வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கவா? காசக் குடுத்தமா, கழுவித் தொடச்சு வந்த வண்டிய எடுத்தமான்னு இருக்கணும். சர்வீஸ் ரெக்கார்டு முழுசா இருந்தா விக்கிறப்ப நல்ல ரேட்டு போகும், அதையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

கணக்குப்பிள்ளை

மேல உள்ளவர் கணக்கு போடச் சொல்லிட்டார், போட்டுருவோம்.

பிளஷ், கிருமி நீக்கம், த்ராட்டில் பாடி, பாலிஷ் நாலும் சேத்து 3,880. அத வேணாம்னு சொன்னா பில்லு 7,720. வண்டி இழுக்கலைன்னா அலைன்மென்ட் 1,150யும் அடிச்சிருங்க, 6,570. கையில ஒரு சொட்டு ஆயில் படாம, ஸ்பேனரே தொடாம, 5,030 ரூபா மிச்சம். சென்டர் ரெக்கார்டும் அப்படியே இருக்கும், டயம் இல்லாதவருக்கும் சந்தோஷம்.

இப்ப நீங்களே பண்ணுனா மேற்கொண்டு என்ன மிச்சம்னு பாப்போம். லேபர் 2,100. ஆயில், மூணு பில்டர், பிளக்கு எல்லாம் அவன் ரேட்டுல 3,540, வெளியில கம்பெனி ஸ்பேர் கடையில பேரம் பேசி வாங்குனா 3,000 பக்கம் வரும்னு வச்சுக்குவோம், அதுல ஒரு 540. ரெண்டும் சேத்து 2,640. பிரேக் வேல 930 எங்க போனாலும் குடுக்கணும்.

செலவு: ஜாக்கி ஸ்டாண்டு ரெண்டு 1,800, நல்ல சாக்கெட் செட்டு 2,000, அளவா முறுக்க டார்க் ரெஞ்சு 2,200, பில்டர் ரெஞ்சு 250, ஆயில் புடிக்க ட்ரே 250. மொத்தம் 6,500, அங்கிட்டு இங்கிட்டு கூடக்குறைய இருக்கும். பிளக்கு வருஷா வருஷம் மாத்தப்போறதில்ல, அதனால மிச்சமும் வருஷா வருஷம் அவ்வளவு வராது. அதாவது மூணாவது சர்வீஸ் தாண்டித்தான் உங்களுக்கு லாபம்னு ஒண்ணு கண்ணுல தெரியும். டூல்ச கடன் குடுத்துத் தொலைக்காம இருந்தா.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22ல இருந்து கார் ஸ்பேர் எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், முந்தி பெரும்பாலானதுக்கு 28 இருந்துச்சு. பழைய ஸ்டாக்குல பழைய எம்ஆர்பி ஒட்டிருக்கும், அந்த ரேட்டையே போட்டு நீட்டுனா கேளுங்க. லேபருக்கு முந்தியும் 18, இப்பவும் 18.

பழைய டிரைவர்

ஏன்ப்பு கோட்டையூரு, இந்தப் புள்ளைங்க எல்லாம் ட்யூனிங் ட்யூனிங்னு பேசிக்கிறாங்களே, அதுல இப்ப ட்யூன் பண்றதுக்கு என்னப்பு இருக்கு?

நான் கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டுல அம்பாசிடர் ஓட்டுனவன். அந்த வண்டிக்கு ட்யூனிங்னா ட்யூனிங். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியக் கழட்டுனா உள்ள பாயின்ட் செட்டு, தேஞ்சு குழி விழுந்து கெடக்கும், உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பீலர் கேஜ் விட்டு கேப் வைக்கணும், கேஜ் இல்லாட்டி போஸ்ட் கார்ட மடிச்சு வச்சே பண்ணிருவோம். அப்புறம் கண்டன்சர், பிளக்கு, டைமிங், டேப்பட், கார்பரேட்டர்ல ரெண்டு ஸ்க்ரூ, அத காதுல கேட்டே வைக்கணும். அத்தனையும் கையால வைக்கிறது, ஓட ஓட நகரும், அதனாலதான் அடிக்கடி வைக்க வேண்டியிருந்துச்சு. செட்டியார் பர்மாவுல இருந்த கதையெல்லாம் சொல்லிக்கிட்டு பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாக, ஒரு ஸ்க்ரூ கூடத் திருகினா "ஏன் அதத் தொட்ட"ம்பாக. கல்யாண சீசன்ல ஊருக்குள்ள நிக்கிற வண்டில பாதிக்கு நாங்கதான் டைமிங் வச்சுக் குடுப்போம்.

இப்ப உள்ள வண்டில டிஸ்ட்ரிபியூட்டரே கெடையாது. பாயின்ட் கெடையாது. கார்பரேட்டர் கெடையாது. பிளக்குக்கு ஒரு காயில், எல்லாத்தையும் ஒரு கம்ப்யூட்டர் பாத்துக்குது, பொறி எப்ப அடிக்கணும் பெட்ரோல் எவ்வளவு போகணும்னு அதுவே ஒவ்வொரு சுத்துக்கும் முடிவு பண்ணிக்கிது. நீ போய் எத வைக்கப்போற? கெட்டத எடுத்துட்டு புதுச போடுற வேலதான் மிச்சம். அதனால யாராச்சும் பில்லுல ட்யூனிங் சார்ஜுன்னு போட்டா, எதத் திருகுனீகன்னு கேளு, பதில் வராது.

அம்பாசிடரும் 2014லயே உற்பத்திய நிறுத்திட்டான். இன்னும் நம்ம பக்கம் ரெண்டு மூணு வீட்டு முகப்புல சீலை போத்தி நிக்கிது, பாத்தா கண்ணு கலங்கும். அத விடு.

பள்ளத்தூர் பொண்ணு

அண்ணே நான் என் வண்டிக்கு ஆயில், பில்டர் எல்லாம் நானே மாத்துறேன், எங்க அப்பச்சி சொல்லிக்குடுத்தது. லாபத்துக்காக இல்ல, பண்ணுனா வண்டி நம்மளுதுன்னு ஒரு தெளிவு வரும். கணக்குப்பிள்ளை கணக்கு கரெக்ட்டுதான், ஆனா அவரு சொல்லாத ஒண்ணு, ஏர் பில்டரும் ஏசி பில்டரும் மாத்த ஒரு டூலும் வாங்க வேணாம். ஏசி பில்டர் முன்சீட்டுக்கு எதுத்தாப்ல இருக்குற பெட்டிய எறக்குனா பின்னாடி இருக்கும். ஏர் பில்டர் நாலு கிளிப்பு, இல்லாட்டி நாலு ஸ்க்ரூ. இத ரெண்ட மட்டும் இன்னிக்கே பண்ணிப் பாருங்க, கை பழகும்.

நம்ம ஊரு செம்மண்ண மறந்துராதீங்க. மேனுவல்ல தூசி ஜாஸ்தி உள்ள எடத்துல சீக்கிரமே பாருன்னு தனியா ஒரு வரி போட்டிருப்பான், அது நமக்காகப் போட்டதுதான். வெயில் காலத்துல கண்டனூர் புதுவயல் பக்கம் ரோடு போடுற எடத்துல லாரிக்குப் பின்னாடி போயிட்டு வந்து பில்டரத் தட்டிப் பாருங்க, மொளகாப்பொடி கொட்டுற மாதிரி கொட்டும். பேப்பர் பில்டரத் தண்ணி விட்டுக் கழுவாதீங்க, காத்து அடிக்கிறதுன்னா சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கத்துக்கு மெதுவா அடிக்கணும், சிலபேரு வெளியில இருந்து உள்ள அடிச்சு மொத்த மண்ணையும் பேப்பருக்குள்ள ஏத்தி விட்டுருவாங்க.

ஆயில் மாத்துறது இப்படி. வண்டிய கொஞ்சநேரம் ஓட்டி லேசா சூடாக்குங்க, கொதிக்கக் கொதிக்க வேணாம், கை வெந்துரும். மட்டமான தரை, ஹேண்ட் பிரேக், கியர்ல விட்டு பின் வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டை. ஜாக்கில தூக்கி ஸ்டாண்டு வச்சு, வண்டிய ஸ்டாண்டு மேல எறக்கி, புடிச்சு ஆட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள போகணும். வண்டியோட வந்த ஜாக்கி டயர் மாத்தத்தான், அத மட்டும் நம்பி அடியில தலைய விடக்கூடாது, இதுல விளையாட்டே வேணாம் அண்ணே. அப்புறம் ட்ரெயின் போல்ட்டக் கழட்டி ஆயில எறக்கி, பழைய பில்டரக் கழட்டி, புதுசோட ரப்பர் வளையத்துல புது ஆயில் தடவி, ரப்பர் ஒட்டுனதுக்கப்புறம் கையாலயே முக்கா சுத்து. ரெஞ்சு போட்டு முறுக்கக் கூடாது, ரெஞ்சு கழட்ட மட்டும். ட்ரெயின் போல்ட்டுக்கு புது வாஷர். ஆயில ஒரேயடியா ஊத்தாம அரை லிட்டர் கொறச்சு ஊத்தி டிப்ஸ்டிக்ல பாத்துப் பாத்து ஊத்துங்க, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நின்னா போதும், மேல் கோட்டத் தாண்டக்கூடாது. ஸ்டார்ட் பண்ணி கொஞ்சநேரம் விட்டு கீழ ஒழுகுதான்னு பாத்து, ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப டிப்ஸ்டிக் பாருங்க.

எந்த கிரேடுன்னு மேனுவல்ல இருக்கும், 5டபிள்யூ30ஆ 0டபிள்யூ20ஆன்னு, கடைக்காரர் இதுவும் நல்லாருக்கும்னு எடுத்துக் குடுக்குறத வாங்காதீங்க.

கோட்டையூரான்

அடேங்கப்பா, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனக்கல. பழைய பில்லத் தேடி எடுத்துட்டேன், பிளக்கு 41,000ல மாத்திருக்கு! செக்காலை அண்ணே உங்களுக்கு ஒரு கும்புடு. நேத்து ஏசி பில்டரக் கழட்டிப் பாத்தேன், வேப்பெல, முடி, ஒரு பல்லி முட்ட ஓடு. வீட்டம்மா அதப் பாத்துட்டு இனிமே ஜன்னலத் தொறந்தே போவோம்னுட்டா.

இன்னும் ரெண்டு மூணு சந்தேகம். ஒண்ணு, வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் கூட ஓடல, 10,000 ஆகுற வரைக்கும் ஆயில் மாத்தாம விடலாமா? ரெண்டு, என் மச்சான் புது வண்டி வாங்கிருக்கான், வெளியில சர்வீஸ் பண்ணுனா வாரண்டியே போயிரும்னு அவன மெரட்டி வச்சிருக்காங்க, நெஜமா? மூணு, கழட்டுன பழைய ஆயில எங்க கொட்டுறது?

செக்காலை ஸ்பேனர்

மொத கேள்வி. விடாதீங்க. 10,000 இல்லாட்டி ஒரு வருஷம், எது முந்துதோ அதுன்னுதான் போட்டிருப்பான். உங்களுக்கு அது ரொம்பவே பொருந்தும், ஏன்னா கோட்டையூர்ல இருந்து காரைக்குடி வர்றதுக்குள்ள எஞ்சின் ஒழுங்கா சூடாகவே செய்யாது. சூடாகாத எஞ்சின்ல ஆயில்ல தண்ணியும் பெட்ரோலும் கலந்துக்கிட்டே இருக்கும், நீண்ட தூரம் ஓடுனாத்தான் அது ஆவியாப் போகும். ஊருக்குள்ளயே சுத்துற வண்டிக்கு ஆயில் சீக்கிரம் கெடும், இத நம்ப மாட்டேங்குறாங்க, "ஓடவே இல்லையேண்ணே"ங்குறாங்க. டீசல் வண்டி வச்சிருக்கவங்களுக்கு இன்னும் கஷ்டம், பிஎஸ்6 டீசல்ல சைலென்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு பில்டர் இருக்கு, குட்டித் தூரமே ஓட்டுனா அதுல கரி அடைஞ்சு லைட் எரியும், அதுக்கு சாம்பல் கம்மியா உள்ள தனி ஆயில்தான் ஊத்தணும், டீசல்காரங்க இந்த விஷயத்துல கைய வைக்கிறதுக்கு முந்தி ரெண்டு தடவ மேனுவலப் பாருங்க.

மூணாவது கேள்விக்குத்தான் எனக்குக் கோவம் வரும், உங்க மேல இல்ல, பொதுவா. தயவு செஞ்சு சாக்கடையிலயோ கொல்லையிலயோ ஊத்தாதீங்க. நம்ம ஊருல மழத்தண்ணி எங்க போகுது? தெருவுல இருந்து வாய்க்கா, வாய்க்கால்ல இருந்து ஊரணி. முற்றத்துல விழுற தண்ணியக் கூட வீணாக்காம அண்டாவுல புடிச்ச ஊருய்யா இது, ஊரணிக்குக் கரை கட்டி, படி கட்டி, யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு காவல் போட்ட ஊரு, அதுல கொண்டுபோய் எஞ்சின் ஆயில விடுறதா. சட்டப்படியும் அது அபாயகரமான கழிவு, 2016 விதியிலயே இருக்கு. இன்னும் சிலபேரு கரையானுக்கு நல்லதுன்னு தேக்கு நிலையில தடவி விடுவாங்க, அதுவும் வேணாம், அதுல உலோகத்தூள் இருந்து என்னென்னமோ இருக்கு, புள்ளைங்க கை வைக்கும். புது ஆயில் வந்த கேன்லயே ஊத்தி மூடி ஏதாச்சும் பட்டறைல குடுங்க, நாங்க டிரம்ல சேத்து வச்சு எடுக்க வர்றவங்ககிட்ட குடுத்துருவோம். பழைய பில்டரையும் ஒரு ராத்திரி கவுத்து வடிய விட்டுட்டு சேத்தே குடுங்க.

கணக்குப்பிள்ளை

வாரண்டி பத்தி நான் சொல்றேன். 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் (கம்பெனிங்க சந்தையில நியாயமா நடக்குறாங்களான்னு பாக்குற அரசு அமைப்பு) 14 கார் கம்பெனிக்கு சேத்து 2,544 கோடி சொச்சம் அபராதம் போட்டுச்சு, ஸ்பேர் பார்ட்ஸ வெளி மார்க்கெட்டுல கெடைக்க விடாம வச்சிருக்கீங்கன்னு. அதே உத்தரவுல, வெளியில ரிப்பேர் பாத்தாங்குற ஒரே காரணத்துக்காக வாரண்டி மொத்தமும் ரத்துன்னு கண்டிஷன் போடக்கூடாது, வெளியில பண்ணுன தப்பான வேலையால என்ன கெட்டுச்சோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம்னு இருக்கு. கம்பெனிங்க அப்பீல் கோர்ட்டுன்னு போனாங்க. அதனால சட்டம் நம்ம பக்கம் இருக்குன்னு மச்சான் சட்டையச் சுருட்டிக்கிட்டு போக வேணாம், எஞ்சின்ல ஏதாச்சும் ஆகி கவுன்டர்ல போய் வாதாடுற நேரத்துல ஆயிலுக்கு பில்லு எங்கன்னு கேப்பான், இல்லைன்னா மாட்டிக்குவாரு. புது வண்டிக்கு ஃப்ரீ சர்வீஸ்ல லேபர் காசே கெடையாது, அத ஏன் விடணும்? வாரண்டி முடியிற வரைக்கும் சென்டர்லயே விடச் சொல்லுங்க, மேனுவல்ல இல்லாதத மட்டும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வரட்டும். ஆமா, எழுதி. வாயால சொன்னா டெலிவரி எடுக்கப் போறப்ப பில்லுல ஏறி நிக்கும்.

சிங்கப்பூர் வளவு

கேள்விக்கு நேர் சம்பந்தமில்ல, ஆனா நம்மள மாதிரி ஆளுங்க இங்க நெறைய பேரு இருப்பீங்கன்னு எழுதுறேன். எங்க வண்டி தேவகோட்டை வீட்டுல வருஷத்துல பத்து மாசம் சும்மாவே நிக்கிது, படைப்புக்கோ (முன்னோருக்குப் படைச்சுக் கும்புடுறது) கல்யாணத்துக்கோ வந்தாத்தான் எடுக்குறது. ஓடாத வண்டிக்கு சர்வீஸ் பில்லு ஓடுற வண்டிய விட ஜாஸ்தி வருது, என்ன பண்றது?

பழைய டிரைவர்

அதுக்குப் பெரிய வித்தையெல்லாம் வேணாம் தம்பி. ஊருக்குக் கெளம்புறப்ப பேட்டரி நெகட்டிவ் வயரக் கழட்டி விடு. டயர்ல காத்த கொஞ்சம் கூட அடிச்சு வை, டேங்க் ரொப்பி வை. ஹேண்ட் பிரேக்கு போடாத, ஒட்டிக்கும், கட்டை வை. பெரிய வீடுன்னா எலி இருக்கும், எலி இல்லாத வளவு ஏது, பானெட்டுக்குள்ள பூந்து வயரக் கடிச்சு வச்சிரும், அந்த வயர் செட்டு வெல கேட்டா நீ அங்கயே இருந்துக்குவ. வீட்டப் பாத்துக்குற ஆளுகிட்ட பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பானெட்டத் தொறந்து வைக்கச் சொல்லு, பேட்டரி வயர மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னா இன்னும் நல்லது, சும்மா நின்ன எடத்துல ஸ்டார்ட் பண்ணி அணைச்சா பிரயோசனம் இல்ல, மேல அந்தத் தம்பி சொன்ன அதே கததான், சூடாகாது. பேட்டரி முனையில வெள்ளையா பூத்துக் கெடந்தா வயர ரெண்டையும் கழட்டிட்டு வெந்நி ஊத்திக் கழுவி வாசலின் தடவு. சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்குற ஊருக்காரங்க நாம, 1953ல இருந்து அரிப்பு பத்தியும் பேட்டரி பத்தியும் அங்க ஆராய்ச்சி நடக்குது, அதுக்குக் கூட நாம மெக்கானிக்குக்கு போன் போடுறோம்.

பள்ளத்தூர் பொண்ணு

கோட்டையூரண்ணே, பிளக்கு இப்ப வேணாம்னு ஆயிருச்சு, இருந்தாலும் பின்னால மாத்துறப்பன்னு சொல்லி வைக்கிறேன். எஞ்சின் நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான் கழட்டணும், ஹெட்டு அலுமினியம், சூட்டுல திருகுனா மரை போயிரும். காயிலக் கழட்டுறதுக்கு முந்தி அந்தக் குழியச் சுத்தி காத்தடிச்சு மண்ண எடுத்துருங்க, பிளக்கக் கழட்டுன நிமிஷத்துல அந்த செம்மண்ணு நேரா சிலிண்டருக்குள்ளதான் விழும். மாட்டுறப்ப ரெஞ்சு போடாம வெறும் எக்ஸ்டென்ஷனக் கையால சுத்துங்க, லகுவா போகணும், இறுக்கிச்சுன்னா மரை கோணலா ஏறுதுன்னு அர்த்தம், வெளிய எடுத்துட்டு திரும்ப வைங்க. கடைசில டார்க் ரெஞ்சு, அளவு மேனுவல்ல.

ஐநூறு ஆயிரத்துக்கு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் விக்கிது, வண்டி கம்ப்யூட்டர்ல பதிவாகுற எரர் கோடப் படிக்கிறது, 2013க்கு அப்புறம் வந்த வண்டில எல்லாம் ஸ்டியரிங்குக்குக் கீழ சாக்கெட் இருக்கும், சொருகி போன்ல பாக்கலாம். செக் எஞ்சின் லைட் எரிஞ்சா அதுல பி0301ன்னு கோடு வந்துச்சுன்னா மொத சிலிண்டர்ல மிஸ்ஃபயர்னு தெரிஞ்சுக்கலாம். அது எந்தப் பார்ட்டு கெட்டுச்சுன்னு சொல்லாது, பிளக்கா காயிலா இன்ஜெக்டரான்னு நாமதான் பாக்கணும். ஆனா எரர் கோடு கையில இருந்தா மெக்கானிக்குகிட்ட வெறுங்கையோட போய் நிக்க வேணாம்ல.

கோட்டையூரான்

சரி, முடிவு பண்ணிட்டேன். ஏர் பில்டர் ஏசி பில்டர் நானே மாத்துறேன், வாங்கியாச்சு. ஆயிலும் ஆயில் பில்டரும் நான் வாங்கிக் குடுத்து செக்காலை அண்ணன் பட்டறைல மாத்திக்கிறேன், பிரேக் வேலையும் அங்கயே. இந்தத் தடவ கூட நின்னு பாக்குறேன், பாத்துட்டு ஜாக்கி ஸ்டாண்டு வாங்குறதா வேணாமான்னு அடுத்த வருஷம் யோசிப்போம். அண்ணே, கூட நின்னு பாத்தா கூலி ஏத்திருவீங்களா?

செக்காலை ஸ்பேனர்

பாத்தா கூலி அதேதான். ஐடியா சொன்னாத்தான் ஜாஸ்தி.

கடைக்குப் போறப்ப ஆர்சி புக்க எடுத்துட்டுப் போங்க, ஒரே மாடல்ல வருஷத்துக்கு வருஷம் பில்டர் மாறும், சேசிஸ் நம்பரச் சொன்னாத்தான் சரியானத எடுத்துக் குடுப்பாங்க. சீல் பிரிக்காத டப்பாவா பாத்து பில்லோட வாங்குங்க, டூப்ளிகேட் ஆயில் பில்டர் மார்க்கெட்டுல நெறையா சுத்துது. ட்ரெயின் வாஷர் ஒண்ணு மறக்காம கேளுங்க, அது கூடவே வராது. திங்கக்கெழம சந்தை நாளு, கூட்டமா இருக்கும், செவ்வாக்கெழம காலைல வாங்க.